காந்தரூபன் என் வீட்டுக்காரர்தான்

காந்தரூபன் என்று ஒரு எழுத்தாளர் கிடையாது. நூற்றுப் பன்னிரண்டு துப்பறியும் நாவல்களின் அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறது. அத்தனையும் எழுதியவர் என் வீட்டுக்காரர் அசரியா. அஸ்தினாபுரத்தில் காலையில் பால் பாக்கெட்டோடு நடந்து வருகிற, பால்காரரைக்கூட ‘சார்’ என்று கூப்பிடுகிற அந்த மனிதரேதான். முதலிலேயே இதைப் போட்டு உடைத்துவிடுகிறேன். ஏனென்றால் சொல்ல வேண்டியவர் சொல்ல மாட்டார்.

பாக்கெட் நாவல் போடும் பொன்னுசாமியின் அச்சகத்தில் புரூஃப் பார்க்கத்தான் இவர் சேர்ந்தார். ஒரு மாதம் எழுத்தாளர் யாரோ கைவிரித்துவிட, இவரே மூன்று நாளில் நாவலை எழுதிக் கொடுத்தார். காந்தரூபன் என்ற பெயர் அதற்கு முன்பே அட்டையில் அச்சாகிவிட்டிருந்தது.

“எழுதறவன் இன்னிக்கு இருப்பான், நாளிக்கு பூடுவான். பேரு நம்ம கடையோடதா இருக்கணும், இன்னா சொல்ற?” என்றார் பொன்னுசாமி. இவர் தலையாட்டினார். ஆட்டிய தலை முப்பது வருஷம் நிற்கவில்லை.

மாதம் ஒரு நாவல். நடுநடுவே வெளிநாட்டுப் படக்கதைகள் வரும். அந்தப் பாஷையில் இவருக்கு ஒரு எழுத்து தெரியாது. படத்தைப் பார்த்தே கதையை ஊகித்து, படத்திலுள்ள பேச்சு பலூனுக்குள் அடங்குகிற மாதிரி வசனம் எழுதுவார். பிறகு சொந்தமாகவே காமிக்ஸ் எழுதினார். டிவி வந்து பாக்கெட் நாவலை விழுங்கியதும் சீரியலுக்குப் போனார். அங்கேயும் பெயர் போடவில்லை. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் காந்தரூபனைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள். நான் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இவர் யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்.

பொன்னுசாமி காலமான பிறகு அவர் மகன் விக்கி எல்லா நாவல்களையும் மறுபதிப்பு போட்டான். பெருங்களத்தூர் கல்யாண மண்டபத்தில் விழா. அழைப்பிதழில் ‘காந்தரூபன் என்கிற பொன்னுசாமி’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இவருக்கு, ‘முன்னாள் ஊழியர்’ என்று ஒரு சால்வை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“ஒரே ஒரு புஸ்தகத்துலயாவது என் பேரைப் போடச் சொல்லி விக்கிகிட்ட மெதுவா கேக்கறேன் தபீதா” என்றார். மெதுவாகவாம்!

மேடையில் விக்கி பேசினான். “எங்கப்பா லெஃப்ட் ஹேண்டர். அதான் தன்னோட ஹீரோ இன்ஸ்பெக்டர் மாறவர்மனையும் இடது கைக்காரனா படைச்சாரு.” கைதட்டல். இவரும் தட்டினார்! அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

“தம்பி, கொஞ்சம் நிறுத்து” என்று எழுந்தேன். கையோடு கொண்டுபோயிருந்த முதல் நாவலைத் தூக்கிக் காட்டினேன். “அந்தக் காலத்துல சிவகாசியில அட்டை முதல்ல அச்சாகி வந்துடும். கதையை அப்புறம்தான் எழுதுவாங்க. இந்த அட்டைக்குப் படத்தோட ஃபிலிமைத் திருப்பி வெச்சு அடிச்சுட்டாங்க. பாரு, மாறவர்மனுக்குச் சட்டைப் பை வலது பக்கம் இருக்கு. சுவர்க் கடிகாரத்துல நம்பரெல்லாம் திரும்பியிருக்கு. துப்பாக்கி அதனாலதான் இடது கைக்குப் போச்சு. ‘அம்புட்டு அட்டையையும் கொளுத்த முடியாது, கதைல சரி பண்ணு’ன்னார் உங்கப்பா. மாறவர்மனுக்கு வலது தோள்ல குண்டு பாஞ்சு கை விளங்காமப் போச்சுன்னு எழுதினவர் இதோ உக்காந்திருக்கார். உங்கப்பா கடைசி வரைக்கும் வலது கையாலதான் கையெழுத்துப் போட்டார்!”

மண்டபம் சிரித்தது. விக்கிக்கு முகம் செத்துப்போனது. ஆனால் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. மைக்கோடு இறங்கி வந்து இவர் தோளில் கை போட்டான்.

“சார், அப்ப அடுத்த நாவலை நீங்களே எழுதிக் குடுங்க. காந்தரூபன் பேர்லயே வரட்டும். நன்றிப் பக்கத்துல உங்க பேரைப் போட்டுடலாம்.”

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். இவர் எழுந்து நின்று, “எத்தனை பக்கம் சார்?” என்றார்.

பஸ் குரோம்பேட்டையை நெருங்கும்போது, “எழுதக் கூப்பிடுறாங்க தபீதா. பதினாலு வருஷமா யாரும் கூப்பிடல” என்றார். அழுகை வந்தது. அழுகையை விழுங்கினேன். கோபத்தை ஏன் விழுங்க வேண்டும்?

நாற்பது நாளில் எழுதி முடித்துவிட்டார். நன்றாகத்தான் இருக்கிறது, அது வேறு எரிச்சல். அந்தக் காகிதக் கட்டை நான் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். “ஆன்ட்டி, பிரஸ்ல வெயிட் பண்றாங்க” என்று விக்கி தினமும் போன் செய்கிறான். “எழுதியவர் அசரியான்னு அச்சடிச்ச பக்கத்தைக் கொண்டா, வாங்கிட்டுப் போ” என்று சொல்லித் தினமும் போனை வைத்துவிடுகிறேன்.

இவர் முதலில் கெஞ்சினார். ஏதோ ஒரு வரியை மாற்ற வேண்டும் என்று சாக்குச் சொல்லிப் பார்த்தார். இன்று காலை விக்கியின் போன் வந்ததும் பொறுமை போய்விட்டது. பீரோவை ஓங்கித் தட்டி, “சாவியைக் குடு! அது என் கதை! நான் எழுதினது!” என்று கத்தினார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

“இதையே அவன்கிட்ட சொல்லுங்க” என்று, இன்னும் வைக்காத போனை அவர் கையில் கொடுத்தேன்.