இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஊர்

கிறிஸ்துநாயகம் தன் வாழ்க்கையில் ஒருநாளும் ஊர் பார்த்துத் தெரிவு செய்தவர் அல்ல. சொந்த ஊரான பேசாலையிலிருந்து வெளிக்கிட்டபோது ஏஜென்சிக்காரன் எந்த நாடு என்றானோ அந்த நாட்டுக்கு வந்தார். ரொறன்ரோவில் தெரிந்த ஒரே சொந்தக்காரன் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக்கட்டடத்தில் இருந்தான், ஆகவே இவரும் அங்கேயே இருந்தார். ஓர் அறையில் ஏழு பேரோடு நெருக்கியடித்துப் படுத்த மனிதர், பிறகு அதே கட்டடத்தில் தனக்கென்று ஒரு வீடு எடுத்து, மனைவி பேர்ணடெற்றைக் கூப்பிட்டு, இரண்டு பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினார். டவுன்ரவுணில் ஒரு ஹொட்டேல் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கியவர், கடைசியில் சூப் வைக்கிற ஆளாக உயர்ந்து பென்சன் எடுத்தார். வேலைக்கு நடந்து போவார், நடந்து வருவார். கார் ஓட்டப் பழகவே இல்லை.

“சப்வே வாசல்லை நிக்குது. எனக்கேன் கார்?” என்பார்.

மற்றவர்கள் ஸ்காபரோ, மார்க்கம், விட்பி என்று வீடு வாங்கிக்கொண்டு பறந்தபோதும் மனிதர் அசையவில்லை. பேர்ணடெற் சொல்லிச் சொல்லியே அலுத்துப் போனாள், ம்ஹூம்.

அவள் கண்ணை மூடிய பிறகு அவர் தனிக்கட்டை. மகன் றொய்சன் சிக்காகோவில், மகள் மெலிசா வாஷிங்டனுக்குப் பக்கத்தில், இரண்டு பேரும் குடும்பமாகி அமெரிக்கச் சிற்றிசனும் ஆகிவிட்டார்கள். போன மாரியில் கட்டட வாசலில் ஐசில் சறுக்கி விழுந்து, இடுப்பு அடிபட்டு எழும்ப முடியாமல் கிடந்தவரை யாரோ ஒரு பிலிப்பினோப் பெண் தூக்கிவிட்டாள். அதைப் பற்றி அவர் பிள்ளைகளிடம் மூச்சு விடவில்லை. மாதா கோயிலில் பழக்கமான இக்னேசியஸ்தான் மனம் கேளாமல் மெலிசாவுக்கு போன் அடித்துச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இரண்டு பேரும் ஒன்றாக வீடியோவில் வந்து நின்றார்கள்.

“அப்பா, இனி நீங்கள் அங்கை தனிய இருக்கேலாது. நான் ஸ்பொன்சர் பண்ணுறன்,” என்றான் றொய்சன்.

“எங்கை வந்து இருக்க விருப்பம், அப்பா?” என்றாள் மெலிசா.

அவருக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. சிக்காகோவா வாஷிங்டனா என்று கேட்கிறார்கள் என்றுதான் நினைத்தார். ஒன்றைச் சொன்னால் மற்றப் பிள்ளைக்கு மனம் நோகாதா? யோசித்துவிட்டு, “எனக்கு எங்கையெண்டாலும் சரி. உங்களுக்கு வசதியைப் பாருங்கோ,” என்றார்.

பாவம், பிள்ளைகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பேப்பர் அலுவல் ஒருபக்கம் ஓட, மறுபக்கம் அவருக்கென்று ஒரு ஊர் தேடும் படலம் தொடங்கியது. பெரிய சிற்றி என்றால் செலவு கூட, சின்ன ஊர் என்றால் நல்ல ஆஸ்பத்திரி இராது. ஆகவே நடுத்தரமாக ஒரு சிற்றி, அதில் வயதானவர்களுக்கான கட்டடத்தில் ஓர் அப்பார்ட்மென்ற். முதல் தடவை இதைக் கேட்டபோது கிறிஸ்துநாயகத்துக்குத் திக்கென்றது. ஆனால் பிள்ளைகள் இரண்டும் அந்தச் சிற்றிக்காகப் பிடித்த சண்டை இருக்கிறதே, அதில் மனிதர் குளிர்ந்து போனார்.

“பிற்ஸ்பேர்க் சுப்பர் இடம், அப்பா. ஆறு, மலை, எல்லா ஸ்பெசலிஸ்ற்றும் இருக்கினம்,” என்பான் றொய்சன்.

“அங்கை ஒரே ஏத்தமும் இறக்கமும், அப்பா நடந்து திரியிற ஆளெல்லே? இண்டியானாபொலிஸ்தான் சரி. சமதரை,” என்பாள் மெலிசா.

கிழமைக்குக் கிழமை இதே கூத்து. சொல்லுங்கள் பார்ப்போம், எந்தத் தகப்பனுக்குத் தலைகால் புரியும்? பூசை முடிந்து வெளியே வந்தால் இக்னேசியசைப் பிடித்துவைத்துக்கொண்டு அளப்பார்.

“என்னை ஆர் கிட்ட வச்சிருக்கிறதெண்டு ரெண்டும் அடிபடுதுகள், இக்னேசியஸ். நான் என்ன செய்ய?” வாயெல்லாம் பல்.

“நீங்கள் குடுத்து வச்சனீங்கள், நாயகமண்ணை. என்ரை பெடியன் மிசிசாகாவிலை இருந்துகொண்டே எட்டிப் பாக்கிறானில்லை,” என்பார் இக்னேசியஸ்.

ஒருநாள் கோப்பிக் கடையில் இருந்தபோது, “உந்த இடங்கள் எங்கையப்பா கிடக்குது? ஒருக்கா உன்ரை போனிலை காட்டு,” என்று கேட்டார். இக்னேசியஸ் வரைபடத்தைத் திறந்து கொடுத்தார். கிறிஸ்துநாயகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்துத் தேடினார். பிற்ஸ்பேர்க் அகப்பட்டது. அதன் பக்கத்தில் இருந்தது வாஷிங்டன். சிக்காகோ எங்கேயோ தூரத்தில் கிடந்தது. அவர் முகத்தைச் சுழித்தார்.

“இது மெலிசாவுக்கெல்லே கிட்ட? றொய்சன்தானே இந்த இடத்தைச் சொன்னவன்?”

இக்னேசியஸ் குனிந்து கோப்பியைக் குடித்தார். கிறிஸ்துநாயகம் விரலை இண்டியானாபொலிசுக்கு நகர்த்தினார். அது சிக்காகோவின் காலடியில் கிடந்தது. மெலிசா பிடித்த பிடியாக நின்று சொன்ன ஊர் அது.

பிறகு அவருக்கு எல்லாம் விளங்கியது. தன்னைக் கிட்ட வைக்கத்தான் பிள்ளைகள் சண்டை பிடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாரே! மற்றவரின் தலையில் கட்டிவிடத்தான் ஒவ்வொருவரும் அடிபட்டிருக்கிறார்கள். வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பேர்ணடெற் இருந்திருந்தால் பிள்ளைகளுக்கு நல்லாய் ஏச்சுக் கொடுத்திருப்பாள். இவருக்கு அழுகைதான் வந்தது, கோப்பிக் கடையென்றும் பாராமல் அழுதார்.

“அதுகளுக்கும் வேலை, பிள்ளைகுட்டியெண்டு ஆயிரம் பாடு, அண்ணை,” என்று இக்னேசியஸ் சமாதானம் சொன்னார். அவருக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?

அந்த ஞாயிறு இரண்டு பேரும் வீடியோவில் வந்தபோது றொய்சன் உற்சாகமாக இருந்தான். “அப்பா, நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சு ஒரு முடிவுக்கு வந்திட்டம். கொலம்பஸ். எனக்கும் மெலிசாவுக்கும் கிட்டத்தட்ட சரி நடுவிலை. ஆள் மாறி ஆள் ட்றைவ் பண்ணி வந்து பாப்பம். ஃபெயர்தானே? நீங்கள் ஓமெண்டு சொன்னால் புக் பண்ணுறன்.”

கொலம்பசில் அவருக்கு ஒரு குருவியைக்கூடத் தெரியாது. கார் இல்லாமல் கடைக்கும் போக முடியாத ஊர் என்று இக்னேசியஸ் சொல்லியிருந்தார்.

“சிக்காகோவெண்டால் என்ன?” என்று கேட்டார் கிறிஸ்துநாயகம்.

றொய்சன் சிரித்தான். பகிடி என்று நினைத்துவிட்டான் போல. “அப்பா, சிக்காகோ பெரிய சிற்றியெல்லே? நாங்கள் மிட்சைஸ்தானே பாக்கிறம்?”

“அப்ப வாஷிங்டன்?”

மெலிசா பக்கத்தில் எங்கேயோ பார்த்தாள். “எங்கட பேஸ்மென்ற்றுக்கு இறங்க நிறையப் படி, அப்பா. உங்கட இடுப்புக்கு…”

“என்ரை இடுப்புக்கு ஒரு கோதாரியுமில்லை!” குரல் உயர்ந்துவிட்டது. பிள்ளைகள் இருவரும் திடுக்கிட்டார்கள். “நான் எந்தச் சிற்றியையும் கேக்கேல்லைப் பிள்ளையள். உங்களைத்தான் கேட்டனான். உங்கள் ரெண்டு பேரிலை ஒராளின்ரை வீட்டிலை ஒரு அறையிலை கிடந்தால் காணும் எனக்கு.”



“எங்கையெண்டாலும் சரியெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?” என்றான் றொய்சன் மெல்ல. அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டான்.

“சொன்னனான்தான். ஆரும் ஒண்டைக் கேட்டால் முதல்தரம் அப்பிடித்தானேடா சொல்லுறது? தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டாலும் முதல்லை வேண்டாமெண்டுதான் சொல்லுவம். பிறகும் கேப்பினமெண்டுதானே இருக்கிறது.”

மெலிசா அழத் தொடங்கிவிட்டாள். “ஸொறி, அப்பா. எங்களுக்கு அது தெரியாது. இப்ப கேக்கிறன். எங்களோடை வந்து இருக்கிறீங்களோ?”

அவர் இத்தனை நாளாக எதிர்பார்த்திருந்த கேள்வி அது. வாய் திறந்தவர் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் கண் ஒருதரம் ஓரமாகப் போய் வந்தது. அங்கே மருமகன் இருந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு அவர்மேல் பாசம் இல்லாமல் இல்லை, அவருக்கு அது கண்கூடாகத் தெரிந்தது. ஆனால் அவர் ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்று அவள் பயந்ததும் அதே முகத்தில் தெரிந்தது.

“வேண்டாம், பிள்ளை. உங்களுக்கேன் கரைச்சல்,” என்றார்.

மெலிசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தாங்ஸ், அப்பா,” என்றாள். இரண்டாந்தரம் கேட்கவில்லை.