வாளி அப்பாவின் உள்ளங்கை

மைதானத்துக்கு வருகிற அப்பாக்களில் பாதிப் பேர் கம்பிவேலிக்கு வெளியே நின்று செல்போனைப் பார்ப்பார்கள். மீதிப் பேர் நடுவரைத் திட்டுவார்கள். இவர் ஒருவர்தான் உள்ளே, காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். வீடுகளுக்கு வர்ணம் அடிப்பது அவர் தொழில் என்பதால் வாளிக்குப் பஞ்சமில்லை. வாளிமேல் மடித்துப் போட்ட பழைய போர்வைத் துண்டு, இடது கையில் தோல் கையுறை, எதிரே மகள். சாப்ட்பாலில் பந்து வீசுகிற பெண்ணுக்குத் தினமும் வீசிப் பழக எதிரில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் அப்பாதான். அப்பாவின் முழங்கால் குந்தி உட்கார ஒத்துக்கொள்ளாது என்பதால் வாளி. அப்படித்தான் அவருக்கு 'வாளி அப்பா' என்று பெயர் வந்தது.

அந்தப் பட்டத்தில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வேலைக்குப் போகிற வீடுகளில் அவரை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அவர் ஏணியில் நிற்கும்போதே புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் குடும்பச் சண்டையைப் போடுவார்கள். சுவருக்குக்கூடக் காது உண்டு, அதற்கு வர்ணம் அடிக்கிறவனுக்குக் கிடையாது என்று நினைப்பு. மைதானத்தில் கதை வேறு. "வாளி அப்பா வந்துட்டார், வழி விடுங்க" என்பார்கள். கிளப் கோச் தன் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டுவார். மனுஷன் அந்த ஒரு வாய் தண்ணீருக்கு மயங்கிப்போனார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மகள் வீசுவது பார்க்க அழகாகத்தான் இருக்கும். கை தோளிலிருந்து தலைக்கு மேலே ஏறி, முழு வட்டம் அடித்துக் கீழே இறங்கி, இடுப்போரமாகப் பந்தை விடும். கூட ஆடுகிற பெண்கள் அவளைக் 'காத்தாடி' என்றார்கள். அவள் பந்தை மட்டையால் தொட்டவளே அந்த வட்டாரத்தில் குறைவு.

அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. பயிற்சி முடிந்ததும் அவர் கையுறையைக் கழற்றி, அவள் பந்து பட்டுச் சிவந்த உள்ளங்கையை நீட்டுவார். அவள் குனிந்து பார்த்து, அப்பா கடையிலிருந்து கொண்டுவரும் பெயிண்ட் கம்பெனி வர்ண அட்டையில் இருக்கிற பெயராக ஒன்றைச் சொல்வாள். சுமாரான நாள் என்றால் 'இளரோஜா'. நல்ல நாள் என்றால் 'மாதுளை'. கை எரிந்து, தோல் தடித்து, விரலை மடக்க முடியாமல் போனால் 'செங்கல்'. செங்கல் வந்த நாளில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார்.

"இன்னைக்கு அப்பன் கையைச் சுட்டுட்டடி."

"நாளைக்கும் சுடுறேன்பா" என்பாள் அவள்.

நாளைக்கும் சுட்டாள், மறுநாளும் சுட்டாள். காலையில் பள்ளி அணிக்காக விளையாட்டு டீச்சரிடம், மாலையில் கிளப்புக்காகக் கோச்சிடம், அதற்குப் பிறகு வீட்டுக்குப் பின்னாலிருந்த சந்தில் அப்பாவிடம். எஜமானர்கள் மூன்று பேர், கை ஒன்று. டீச்சருக்குக் கிளப்பில் எவ்வளவு வீசினாள் என்று தெரியாது. கோச்சுக்குப் பள்ளியில் எவ்வளவு என்று தெரியாது. வாளி அப்பாவுக்கு இரண்டும் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை.

எண்ணாததற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். பக்கத்து மைதானத்தில் பேஸ்பால் ஆடுகிற பையன்களுக்குப் பந்தை எண்ணவென்றே ஓர் ஆள் கையில் எண்ணும் கருவியோடு நிற்பார். அளவு தாண்டினால் பையனை வெளியே கூப்பிட்டுவிடுவார்கள். ஒருநாள் வாளி அப்பா அதைப் பார்த்துவிட்டு வந்து கோச்சிடம் கேட்டார்.

"சார், நம்ம பிள்ளைங்களுக்கு அந்த மாதிரி எண்ண வேண்டாமா?"

கோச் சிரித்தார். "அவனுங்க மேல்கையா எறியுறாங்கண்ணே. அது தோளைத் தின்னுடும். நம்மது கீழ்க்கை. கையோட இயல்பான ஆட்டம். நாள் முழுக்கப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது. அடிமேல் அடி வெச்சாத்தான் அம்மியும் நகரும்."

அம்மி நகரும், சரி. அடிக்கிற கை என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. பையன்களின் கைக்குக் காவல் ஆள் நின்றார், பெண்களின் கைக்கு ஒரு பழமொழி போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இத்தனைக்கும் வாளி அப்பா தோள்வலி தெரியாதவர் அல்ல. அண்ணாந்து சீலிங் அடிக்கிற வேலை தோளை என்ன பாடு படுத்தும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அதனால் ஒருநாள் சீலிங் அடித்தால் மறுநாள் கதவு, ஜன்னல் என்று கீழ்வேலைதான் செய்வார். யாருக்காகவும் அதை மாற்றிக்கொள்ள மாட்டார். ஒருமுறை மேஸ்திரி அவசரப்படுத்தியபோது ஏணியை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டார்.

"நேத்தும் சீலிங், இன்னைக்கும் சீலிங்கா? இது கையா மிஷினா? வேற ஆளைப் பாருங்க மேஸ்திரி."

இப்படிச் சொல்லிவிட்டு நேராக எங்கே போனார் என்கிறீர்கள்? மைதானத்துக்கு. வாளியைக் கவிழ்த்தார், உட்கார்ந்தார், "ம், ஆரம்பிடி" என்றார்.

வட்டார அணிக்கு ஆள் எடுக்கும் காலம் நெருங்கியது. அதில் இடம் கிடைத்தால் நல்ல கல்லூரியின் விளையாட்டு விடுதி காத்தாடிக்குத் திறக்கும். பெயிண்டர் மகள் பெரிய ஆளாகிவிடுவாள். அந்த நாட்களில்தான் அவள் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் கையை உதற ஆரம்பித்தாள்.

"ஈ ஓட்டாதடி, பந்தைப் போடு" என்றார் அப்பா.

பிறகு உள்ளங்கையின் நிறம் இறங்கியது. செங்கல் போய் மாதுளை, மாதுளை போய் இளரோஜா. ஒருநாள் கையுறையைக் கழற்றினால் உள்ளங்கை கொஞ்சமும் சிவக்காமல் இருந்தது. மகளின் தோள் களைத்துவிட்டது என்பதை அவர் உள்ளங்கை அவருக்குச் சொல்லிவிட்டது. இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? ஆனால் அவர் அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டார்.

"என்னடி இது, வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு? மனசு எங்க மேயுது?"

"தோள் முன்பக்கம் குத்துதுப்பா. முன்கையும் வலிக்குது."

"வலிச்சாத்தான் கை உரம் ஏறுதுன்னு அர்த்தம்."

அம்மாவுக்கு விளையாட்டு தெரியாது. அவள் ஒரு துணிக்கடையில் துணி மடித்து அடுக்குகிறவள். ஆனால் மகள் இடது கையால் தலை சீவுவதும், பையை மறு தோளுக்கு மாற்றுவதும் அவள் கண்ணில் பட்டன.

"என்னங்க, அவளால சட்டையைக்கூடத் தலைவழியாப் போட முடியல. ஒரு மாசம் விடுங்களேன்."

"அணித் தேர்வு முடியட்டும்."

"உங்க தோளுக்கு ஒரு நியாயம், அவ தோளுக்கு ஒரு நியாயமா?"

அவர் தன் தோளுக்குத் தேய்க்கிற தைலத்தை எடுத்து மகள் தோளில் தேய்த்துவிட்டார், அவ்வளவுதான். மறுநாள் வலி மாத்திரையும் வாங்கிவந்தார். மகள் நல்ல பெண். விழுங்கினாள். அப்பா முகம் வாடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீசினாள். உள்ளங்கை கொஞ்சம் சிவந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று அவர் மகிழ்ந்தார்.

தேர்வு ஆட்டங்கள் ஒரே நாளில் வைக்கப்பட்டிருந்தன. காலை ஆட்டத்தை அவளே முழுதும் வீசி ஜெயித்தாள். மதிய ஆட்டத்துக்கும் கோச் அவளையே அனுப்பினார். போகிற வழியில் அவள் திரும்பி வாளியைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. போகாதே என்று அப்பா சொல்வார் என்று எதிர்பார்த்த பார்வை அது. அவருக்கும் புரிந்தது. புரிந்தும் கையுறையில் முஷ்டியால் ஓங்கிக் குத்திக் காட்டினார். செங்கல் வேண்டும் என்பதற்கு அவர்களுக்குள் அதுதான் சைகை.

ஆட்டம் முடியும் தறுவாயில் அவள் கை வட்டம் அடித்துக் கீழே வந்தபோது பந்து நேரே போகவில்லை. பக்கத்தில் எங்கேயோ உருண்டது. அவள் முன்கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கோச் ஓடினார், அப்பாவும் ஓடினார்.

"இன்னும் ஒருத்தியை அவுட்டாக்கறதுதாம்மா பாக்கி. முடியுமா?"

இதைக் கேட்டது கோச் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. கேட்டவர் வாளி அப்பா.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களை விளக்குவெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். முன்கை எலும்பில் விரிசல். அது அன்றைக்கு வந்ததல்ல, பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வந்தது. தோளின் முன்பக்கத் தசைநாரோ பழைய கயிறு மாதிரி பிரிந்துபோயிருந்தது.

"வாரத்துக்கு எவ்வளவு பந்து போடுவா?" என்று கேட்டார் டாக்டர்.

டீச்சரைக் கேட்டால், பள்ளியில் அளவாகத்தான் என்றார். கோச்சைக் கேட்டால், கிளப்பில் அளவாகத்தான் என்றார். அப்பாவும், சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் என்றார். மூன்று பேரும் சொன்னது உண்மைதான். அந்த மூன்று உண்மைகளும் சேர்ந்துதான் அவள் கையை ஒடித்தன.

"கீழ்க்கையா மேல்கையான்னு தோளுக்குத் தெரியாதுங்க. எத்தனை தடவைங்கறது மட்டும்தான் அதுக்குத் தெரியும்" என்றார் டாக்டர். "எல்லா இடத்துலயும் போடுறதைச் சேர்த்து ஒருத்தர் எண்ணணும். போட்டி ஆடின மறுநாள் ஓய்வு கொடுக்கணும். வருஷத்துல சில மாசம் பந்தையே தொடக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, வலிக்குதுன்னு பிள்ளை சொன்னா அன்னைக்கே நிறுத்தணும்."

"இனிமே நானே எண்ணுறேன் டாக்டர்."

"இனிமே எண்ண என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

எலும்பு கூடிவிட்டது. தோள் கூடவில்லை. கை காதளவு ஏறும், அதற்கு மேல் ஏறாது. வட்டார அணிக்கு வேறு பெண் போனாள். கோச் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார், அத்தோடு சரி. காத்தாடி அழவும் இல்லை, அப்பாவை ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கிளப் சட்டையைப் பிரஷ் துடைக்கிற கந்தலோடு கந்தலாகப் போட்டுவிட்டாள். அம்மா தினமும் அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். வர்ண அட்டை அலமாரியின் அடியில் கிடந்தது.

வாளி அப்பா அதன்பின் மாறிவிட்டார், பேச்சில். வர்ணம் அடிக்கப் போகிற வீட்டில் விளையாடுகிற பிள்ளை இருந்தால் ஏணியிலிருந்து இறங்கிவந்து, "எண்ணுங்க சார், ஓய்வு கொடுங்க" என்று உபதேசம் செய்வார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான். இருந்தாலும் சொன்னார்.

ஒரு மாலை, கிளப்பில் விட்டுவந்த வாளியை எடுத்துவரப் போனார். அங்கே ஒரு புதுப் பெண், சின்னவள், தனியாகச் சுவரில் பந்து வீசிக்கொண்டிருந்தாள். கை வட்டம் அப்படியே காத்தாடியுடையது. கோச் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அண்ணே, நல்ல வேளை வந்தீங்க. இவ அப்பா பஸ் ஓட்டுறவர், வர முடியாது. பிடிக்க ஆளில்ல."

"எண்ணுறீங்களா சார்?" என்றார் வாளி அப்பா விறைப்பாக.

"கீழ்க்கைதானேண்ணே!"

அவருக்கு வாயில் கெட்ட வார்த்தையே வந்தது. அந்தப் பிள்ளைக்காவது நான் காவல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "பத்துப் பந்துதான். எண்ணித்தான் பிடிப்பேன்" என்றார். வாளியைக் கவிழ்த்தார். உட்கார்ந்தார்.

முதல் பந்து கையுறையில் விழுந்த சத்தத்தில் வேலிக்கு வெளியே நின்றவர்கள் திரும்பினார்கள். "ஒண்ணு" என்றார். "ரெண்டு" என்றார். கை எரிந்தது. யாரோ, "வாளி அப்பா வந்துட்டாருடோய்" என்றார்கள். அதற்குப் பிறகு எண்ணிக்கை எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியாது. வெளிச்சம் மங்கும் நேரத்தில் அந்தச் சின்னவள் ஒரு பந்தை வீசிவிட்டு ஈ ஓட்டுவதுபோல் கையை உதறினாள். அவர் பார்த்தார். "நல்லா வருதும்மா, இன்னும் ஒண்ணு" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மகள்தான் இடது கையால் கதவைத் திறந்தாள். அவர் வாளியைக் கீழே வைக்கக் குனிந்தார். விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்கை விரிந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"செங்கல்" என்றாள்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. பாவி மனுஷனுக்கு ஒரு கணம் முகம் மலர்ந்தேவிட்டது.

"யாரோட பந்துப்பா?"

"புதுசா ஒரு பொண்ணு. சின்னப் பொண்ணு. பிடிக்க ஆளில்லன்னு..."

"எத்தனை போட்டா?"

அவர் உள்ளே நின்றிருந்த மனைவியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"கையை உதறினாளாப்பா?"

வாளி அப்பா உள்ளங்கையை மூடிக்கொண்டார்.