சுபேதார் அண்ணாச்சியின் ஜெட்

ஆடி பன்னிரண்டு, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன், காபி, ஆறே காலுக்கு மேலகரம் வயல். மூன்று வருடத்துக்கு முந்தைய டைரியில் அந்தப் பக்கம் இவ்வளவோடு நிற்கிறது. எழுதாமல் விட்டதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது.

அலுவலகம் போகுமுன் அரை மணி நேரம் அந்த வரப்பில் புல்தாவி பார்ப்பேன். விரல் நகத்தளவே உள்ள, மஞ்சளும் பழுப்புமான வண்ணத்துப்பூச்சி. வெட்டாத புல் இருந்தால் போதும், அங்கேயே பிறந்து வளர்ந்துவிடும். உட்காரும்போது மேல்சிறகைப் பாதி தூக்கி, கீழ்ச்சிறகைப் படுக்க வைக்கும். வயலுக்குச் சொந்தக்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார் அண்ணாச்சி, அதை முதல் நாளே ஜெட் விமானம் என்றார். பிறகு என்னைக் கண்டால் வணக்கம் கிடையாது. “வாரும் வே, நம்ம ஜெட்டு ரெண்டு இறங்கிருக்கு.” அதற்காகவே மேற்கு, கிழக்கு வரப்புகளில் புல்லை விட்டுவைத்தார். “சுபேதாரு புல்லு வளக்குதாரு” என்று பக்கத்து வயல்காரர்கள் சிரித்தால், “அவனுவகிட்ட ஏர்போர்ட்டு இருக்கா வே?” என்பார்.

புதன்கிழமை மேற்கு வரப்பில், புல் இலையின் ஓரங்களை நூலால் இழுத்துச் சேர்த்து உள்ளே கிடந்த பச்சைப் புழுவை அவருக்குக் காட்டினேன். மொத்தம் பதினான்கு சுருள்கள். அது என்னவாகும் என்று சொல்லவில்லை. சிறகோடு வெளிவரும் நாளில் அவரையே பார்க்க வைக்க ஆசை.

வியாழன் காலை வரப்பெல்லாம் மருந்து வாடை. முதுகில் டேங்கோடு அண்ணாச்சி நின்றார்.

“நல்ல காலம், நீரு காட்டினீரு. இலைசுருட்டுப் புழு வே! நெல்லுக்குள்ள போயிருந்தா தொலைஞ்சேன். நாளைக்குக் கிழக்கு வரப்பையும் அடிச்சிருதேன்.”

நன்றியாக இரண்டு இளநீரை என் வண்டியில் மாட்டினார். அதோடு நேரே அலுவலகம் போனேன். அன்று முழுக்க அங்கே எல்லோரிடமும் சிடுசிடுத்தேன். நெல்லோடு வாழ்பவருக்குச் சுருண்ட இலை என்றால் பகைதான். அதில் அவர் பிழை என்ன? பதினான்கு என்று எண்ணி எழுதியவனுக்கு, இதுதான் உங்க ஜெட்டு என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் காபிகூடக் குடிக்காமல் முதலில் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அண்ணாச்சி வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார்.

“நேத்தே சொல்லப்படாதா வே?” என்றார்.

பக்கத்தில் டேங்கு காலியாகக் கவிழ்ந்து கிடந்தது.