டேப்புக்கு அடியில் எரிந்த விளக்கு

போன வருஷ இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த மறு வாரமே லொரெய்ன் பாவ்லாக்கின் காரில் எஞ்சின் கோளாறைக் காட்டும் விளக்கு எரிய ஆரம்பித்தது. கொஞ்ச நாள் பயந்தாள். அப்புறம் அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டாள். அமெரிக்காவில் ஏரிக்கரை ஊரான டன்கர்க்கில் பாதிப் பேர் காரில் அப்படி ஒரு டேப் இருக்கும். ஏரிக்காற்றுக்கும், பனிக்காகச் சாலையில் கொட்டும் உப்புக்கும் தப்பி வண்டி ஓடுகிறதே, அதுவே பெரிது.

இன்ஸ்பெக்‌ஷன் மறுபடியும் வந்து தொலைத்தது. சோதனையில் விளக்கு எரிந்தால், கார் தேறியது என்று முன்கண்ணாடியில் ஒட்டும் புது ஸ்டிக்கர் கிடையாது. ஸ்டிக்கர் இல்லாத காரில் வேலைக்குப் போகக் கூடாது என்று அவள் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. மற்றவர்களை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். ஆர்வில் கிழவர்தான் கவலை. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, பஸ் போகாத இடத்தில் தனியாக இருக்கிறார். வந்த பெண்களையெல்லாம் திட்டித் துரத்தியவர், இவள் ஒருத்தியைத்தான் உள்ளே விட்டார். இவளும் போகாவிட்டால் முதியோர் ஹோமில் சேர்த்துவிடுவதாக அவர் மகள் சொல்லியிருந்தாள். 

ஊரே செய்வதைத்தான் அவளும் செய்தாள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வந்து திரும்ப மாட்டினாள். டேப்பைத் தூக்கிப் பார்த்தாள்; விளக்கு அணைந்திருந்தது. ஸ்டிக்கர் ஒட்டித் தரும் டக்கின் பட்டறைக்கு நேரே போனாள். டக் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

“என்னடி, பேட்டரியக் கழட்டினியா?”

“யாரு சொன்னா?”

“மெஷினே சொல்லுது. வண்டியோட கம்ப்யூட்டர்ல எல்லாம் அழிஞ்சு கெடக்கு. கொஞ்ச நாள் ஓட்டிக் காட்டினாத்தான் பாஸா ஃபெயிலான்னு தெரியும். ஹைவேல நிதானமா ஓட்டிட்டு வா. விளக்கு வரக் கூடாதுன்னு வேண்டிக்க.”

“வேண்டிக்கிட்டா வராதா?”

“எனக்குத் தெரிஞ்சு வராம இருந்ததில்ல.”

வெட்டியாகக் கார் ஓட்ட அவளுக்கு ஏது நேரம்? பழைய ஸ்டிக்கருக்கு இன்னும் சில நாள் மிச்சம் இருந்ததால், வேலை நேரத்தில் கிழவரையே கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

“கோட்டைப் போடுங்க பெரியவரே, ஊர் சுத்தப் போறோம்.”

“எதுக்கு?”

“காருக்கு உடம்பு சரியில்ல. காத்து வாங்கணுமாம்.”

டேப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு, சாலையில் ஒரு கண்ணும் விளக்கில் ஒரு கண்ணுமாக மேற்கே ஓட்டினாள். எப்போதும் சிடுசிடுக்கும் மனுஷன் அன்றைக்கு வாய் ஓயாமல் பேசினார். பனி உருகிக் கிடந்த தோட்டங்களைக் காட்டி, எதில் யாரோடு பழம் பறித்தேன், எதில் யாரோடு சண்டை போட்டேன் என்று கதை சொன்னார். அதுவரை அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை; அன்றைக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் விளக்கு எரிந்தது.

ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதாள்.

“என்ன, பெட்ரோல் தீந்துபோச்சா?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். “இனி வேற ஆள அனுப்புவாங்க. நீங்க அவளையும் தொரத்துவீங்க. அப்புறம் உங்கள ஹோம்ல போட்டுடுவாங்க.”

கிழவர் விளக்கை உற்றுப் பார்த்தார். “எனக்கு உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் இப்படித்தான் விளக்கு எரியுது. அதுக்காக என்னை ஓரங்கட்டிட்டியா நீ?”

அழுகையோடேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு சாவியை எடுத்தார். கொட்டகையில் நிற்கும் அவருடைய பழைய ப்யூயிக் காரின் சாவி. இனி கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மகள் அதைக் கேட்டுக் கெஞ்சியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், பேசாமல்கூட இருந்து பார்த்திருக்கிறாள். தூங்கும்போதும் அதைத் தலையணைக்கு அடியில்தான் வைத்திருப்பார்.

“வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணித்தான் வெச்சிருக்கேன். ஒரு விளக்கும் எரியல. டக் பட்டறைக்கு ஓட்டிட்டுப் போய் ஸ்டிக்கர் ஒட்டிக்கோ, இனி அதுலயே வேலைக்கு வா.”

“நாங்க பாத்துக்கிறவங்க கார ஓட்டினா கம்பெனில ஒத்துக்க மாட்டாங்க.”

“அவங்ககிட்ட யாரு சொல்லப் போறா?”

அவள் உள்ளங்கையில் சாவியை வைத்தார். வைத்தவர் விரலை உடனே எடுக்கவில்லை.

“இனிமே நான் ஓட்டலைன்னு என் மககிட்ட நீயே சொல்லிடு,” என்றார். “எனக்கு வாய் வராது.”