நாலு திரைக்கு ஒரு மூளை

எனக்குப் பொறுமை கிடையாது. இது வீட்டுக்காரர் மட்டும் சொல்லும் குறை இல்லை, என்னோடு வேலை பார்த்த எல்லோரும் சொன்னதுதான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் கம்ப்யூட்டர் அறையில் என் ஆயுளில் பாதி போனது. அங்கே எனக்குப் பட்டப்பெயர் எக்ஸ்பிரஸ். கேலிக்கு வைத்த பெயர்தான் என்றாலும் எனக்கு அதில் உள்ளூரப் பெருமை.

மில்லுக்கு முதன்முதலில் வந்த கம்ப்யூட்டர் ஓர் இரும்புப் பெட்டி. அதிலிருந்து நாலு பக்கம் வயர் போகும். ஒவ்வொரு வயரின் நுனியிலும் பச்சை எழுத்துத் திரை ஒன்று, கீபோர்டு ஒன்று. மதுரையிலிருந்து வந்து மாட்டிக்கொடுத்த இன்ஜினியர், "உள்ள இருக்கிறது எட்டு பிட் பிராசஸர், ஒண்ணே ஒண்ணுதான். ஆளுக்குச் செத்த நேரம்னு நாலு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிடும்" என்றார். அவர் போன மறுநாளே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாலு பேருக்கு இருப்பது ஒரு மூளை, அதுவும் சின்ன மூளை.

நாலு பேர் என்பதும் பேருக்குத்தான். மேனேஜர் அறைத் திரை துணி போர்த்தியே கிடந்தது. குடோனில் வைத்தது பஞ்சுத் தூசியில் வந்த மாதமே படுத்துவிட்டது. மிச்சம் நானும் இன்னொரு பெண்ணும். நான் ஏசி அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து நூல் டெஸ்டிங் விவரங்களை ஏற்றுவேன். அவள் கேட்டை ஒட்டிய டைம் ஆபீஸில் இருந்து ஷிப்டு ஆட்களின் வருகையை ஏற்றுவாள். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் அப்பா தறி நெய்தவர், பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது. அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் வேலையால்.

இரண்டு அறைக்கும் நடுவில் பெரிய முற்றம். நான் இருந்த இடத்திலிருந்து அவளைப் பார்க்க முடியாது. ஆனாலும் அவள் வந்து உட்கார்ந்தது எனக்குத் தெரிந்துவிடும். அதுவரை ஓடிய திரை தயங்க ஆரம்பிக்கும். நான் தட்டிய எழுத்து கொஞ்சம் யோசித்துவிட்டு வரும்.

மத்தியானச் சாப்பாட்டில் கேட்பேன்: "ஏட்டி, இன்னைக்கு ஒம்பதே காலுக்குத்தான வந்த?"

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"என் திரை கோள் சொல்லிருச்சு."

சிரித்துக்கொண்டே அவள் டப்பாவிலிருந்து பாதித் துவையலை என் தட்டில் வைப்பாள். நான் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

ஒருநாள் காலை, வெளியூருக்குப் போகும் நூலின் டெஸ்டிங் விவரம் உடனே வேண்டும் என்று மேனேஜர் என் பின்னால் வந்து நின்றார். லாரி கேட்டில் நிற்கிறது. அன்று அவளுக்கும் அவசரம், புது ஷிப்டுப் பட்டியல். நான் ஒரு வரி தட்டிவிட்டுக் காத்திருக்கிறேன், எழுத்து ஒவ்வொன்றாக நொண்டிக்கொண்டு வருகிறது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"டைம் ஆபீஸ்ல அந்த டெர்மினல் இருக்கிற வரைக்கும் இப்படித்தான் சார். அவ தட்டுனா இங்க ஒண்ணும் ஓடாது" என்றேன்.

மிஷினைத்தான் சொன்னேன். அவர் ஆளைச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். எந்தத் திரையிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை பதிவு ஏறுகிறது என்று பிரிண்ட் எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அவளைப்போல் இரண்டு மடங்கு இருந்தது என் கணக்கு. பார்த்தபோது பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அந்த வாரக் கடைசியில் அவளை நிறுத்திவிட்டார்கள். டைம் ஆபீஸ் வேலையும் என்னிடம் வந்தது. அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு, "வாரேன்க்கா" என்று வாசலில் நின்று சொன்னாள். நான் திரையைப் பார்த்தபடியே தலையை ஆட்டினேன். திங்கட்கிழமை விரலை எடுக்கும் முன்னே எழுத்து வந்து நின்றது. எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் மேனேஜரிடம் போய் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் மாறின. நானும் ரிட்டயர் ஆனேன். போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் அவள். அவள்தான் முதலில் அடையாளம் கண்டாள். செட்டியார்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குப் போனாளாம், இருபது வருடத்துக்கு மேல். விரல்கள் கோணிப்போயிருந்தன. டோக்கன் போடும் பெண், "சர்வர் ஸ்லோவா இருக்கு, செத்த நேரம் உக்காருங்க" என்றாள்.

இத்தனை காலம் தொண்டையில் கிடந்ததை அப்போதுதான் சொன்னேன். "அன்னைக்கு ஒன்னைப் பத்தி மேனேஜர்கிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும்க்கா. அந்தத் தாளைக் காட்டித்தான அனுப்புனாரு. ஒங்களுதுல பாதிதான் நான்."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தச் சொல்ல? என் திரையில எழுத்து நின்னா, அக்கா டைப் அடிக்காங்கன்னு எனக்கும் தெரியும்ல. ஒங்களுக்குத்தான் பொறுமை கிடையாதே. அதான் நீங்க முடிக்கட்டும்னு கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். பொறவு அடிப்பேன். அன்னைக்கு ஒரு நாள்தான் விட்டுக்குடுக்கல, பட்டியல் அவசரம். இதைச் சொன்னா அவரு நம்புவாரா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

சர்வர் சரியாகி அவள் நம்பரைக் கூப்பிட்டார்கள். நாற்காலியைப் பிடித்து எழுந்து, "வாரேன்க்கா" என்றாள். இந்த முறை நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எக்ஸ்பிரஸ் என்று என்னை மில்லே சொன்ன அந்த வேகத்தில் பாதி, முற்றத்துக்கு அந்தப் பக்கம் இவள் சும்மா உட்கார்ந்திருந்ததால் வந்தது.