விறைத்த உதடும் சாவடிச் சிப்பாயும்

சென்ற செவ்வாய்க்கிழமை என் கீழ் உதடு காணாமல் போனது.

தொட்டுப் பார்த்தால் இருக்கிறது. ஆனால் யாருடையதோ போல் இருக்கிறது. எல்லாம் புத்தளத்துப் பல் டொக்டர் போட்ட ஊசியின் வேலை. எனக்கு ரூட் கனால்!

ஒரு வாரமாக என்னை ஆட்சி செய்தது அந்தக் கீழ்க் கடைவாய்ப் பல்தான். பாணைக்கூட ஆறிய தேநீரில் ஊறவைத்துத்தான் விழுங்கினேன். ஆலங்குடாவிலிருந்து பஸ் ஏறும்போது துணைக்கு வந்தவர் என் மூத்த சகோதரி, ராத்தா. துணைக்கா… தடுக்கவா?

"கழட்டி எறிஞ்சிட்டு வா தம்பி. வேரத் தோண்டினா கண் பார்வை போயிரும்" என்று வழி நெடுக ஓதிக்கொண்டே வந்தார்.

டொக்டர் சிலாபத்துப் பக்கத்து இளம் பெண். கதிரையில் என்னைச் சாய்த்ததும் ராத்தா முந்திக்கொண்டார்.

"டொக்டர், இவர்ட கண்ணுக்கு ஒண்டும் ஆவாதா?"

"ஒண்டும் ஆகாது. பல்லுக்குள்ள சின்னதா ஒரு அறை இருக்கு. அதுக்குள்ள நரம்பு. கிருமி போய் அது அழுகினதுதான் இந்த வலி. அதை எடுத்து, சுத்தம் செஞ்சு, அடைச்சிருவம். பல்லு அவருக்கே மிஞ்சும்."

"கழட்டினா லேசுதானே?"

"லேசுதான். ஆனா இடைவெளி விழுந்தா பக்கத்துப் பல்லுகள் சாயும், சப்பவும் கஷ்டம். காப்பாத்தக்கூடிய பல்லை ஏன் எடுக்கிறது?"

நான் ஒரேயொரு கேள்விதான் கேட்டேன். நோகுமா?

"ஊசி சுருக்கெண்டும். பிறகு நொந்தா கையத் தூக்குங்க, நிப்பாட்டுவன்."

கையைத் தயாராகவே வைத்திருந்தேன். தூக்கத் தேவையே வரவில்லை. கடைசியில் தற்காலிகமாக ஒரு வெள்ளை அடைப்பு. மீதி வேலைக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார். விறைப்புப் போகும்வரை எதையும் சப்ப வேண்டாமாம், உதட்டைக் கடித்துவிடுவேனாம்.

பேசவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடி. வழமைபோல எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையோடு வரிசையில் நடந்தோம். இளம் சிப்பாய் ஒருவன் அட்டையைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் பெயரைக் கேட்டான்.

முபாரக் என்று சொல்ல உதடு வேண்டும். என்னிடம் இல்லையே.

"உவாரக்" என்றேன். கூடவே எச்சில் வழிந்தது.

அவன் முகம் மாறியது. துவக்கு லேசாக அசைந்தது. "வாயில் என்ன?"

யுத்தம் நடக்கும் இந்தக் காலத்தில் ஒரு சிப்பாய் அப்படிக் கேட்டால் அவன் பல்லை விசாரிக்கிறான் என்றா அர்த்தம்? சயனைட் குப்பியைத் தேடுகிறான் என்றுதான் அர்த்தம். பதில் சொல்ல முயன்றேன்… இன்னும் மோசமான ஒரு சத்தம்தான் வந்தது.

பின்னால் ஏதோ குலுங்கியது. ராத்தா! முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். பயத்தில் சிலருக்கு அழுகை வரும், எங்கள் குடும்பத்துக்குச் சிரிப்பு வரும். கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, தன் சந்தைச் சிங்களத்தில், பல்லின் வேரைச் சுத்தம் செய்துவிட்டு வருகிறோம் என்று விளக்கினார்.

வாயைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். அவன் குனிந்து பார்த்தபோது கராம்பு வாசம் குப்பென்று அடித்தது. அவனுடைய ஒரு கன்னமும் வீங்கித்தான் இருந்தது.

துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டான்: "ரிதெனவத?"

வலிக்கிறதா என்று. இல்லை என்று தலையாட்டினேன்.

அடுத்து அவன் கேட்டதைக் கேளுங்கள். வேரைத் தோண்டினால் கண் பார்வை போய்விடும் என்று ஊரில் அம்மா சொல்கிறாராம், உண்மையா?

பல் விஷயத்தில் நாட்டில் எல்லோரும் ஒரே கட்சிதான்.

நான் ராத்தாவைப் பார்த்தேன். அவரோ பட்டம் வாங்கியவர் மாதிரி நிமிர்ந்து நின்று பாடம் எடுத்தார். பல்லுக்குள் ஒரு அறை, அதற்குள் நரம்பு, கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, கழற்றினால் மற்றவை சாயும்… "இவரப் பாருங்க, கண் நல்லாத்தானே தெரியுது!"

சிப்பாய் கிளினிக் எங்கே என்று விசாரித்துக்கொண்டான். கண்டக்டர் கத்தும்வரை வகுப்பு நடந்தது. வரிசையில் நின்ற இரண்டு பெண்களும் அதில் மாணவிகள்.

பஸ் கிளம்பியது. நுரைச்சோலை தாண்டியதும் ராத்தா என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, அந்த டொக்டர் எனக்கும் செய்வாவா?"

"ஏன்?"

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வாயைத் திறந்து காட்டினார். எட்டிப் பார்த்தேன். கடைவாயில் கறுத்துக் குழி விழுந்த ஒரு பல்.

சிப்பாயாவது கன்னம் வீங்கியதும் கேட்டுவிட்டான்.