தூசு படாத நாற்காலி

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில், சாமிதுரையின் கம்பெனிக்குள், 2009 ஆவணியில் ஒரு கண்ணாடி அறை முளைத்தது. ஆறடிக்கு ஆறடி. கம்பெனியில் பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள். பதினான்கு பேருக்கும் மூக்கு இருந்தது. அந்த மூக்குகளை உத்தேசித்து யாரும் கண்ணாடி போடவில்லை. கம்ப்யூட்டர் வருகிறது, அதற்குத் தூசு ஆகாது என்று சென்னையிலிருந்து மருமகன் செந்தமிழன் போனில் சொன்னார். மூன்றாம் நாள் ஸ்ரீமுஷ்ணத்து ஆசாரி வந்து கதவு மாட்டிவிட்டுப் போனார்.

கம்ப்யூட்டருக்கு எதிரே ஆள் உட்கார வேண்டுமே, அதற்காக ஒரு நாற்காலி போட்டார்கள். அது ஆதிலட்சுமிக்குக் கிடைத்தது.

ஆதிலட்சுமிக்கு வயது நாற்பத்தொன்று. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறவள். பதினேழு வருஷமாகக் கிளேசுத் தொட்டியடியில் வேலை. முதல் தடவை சூளையில் வெந்து வந்த கப்புகளைப் பிரஷ்ஷால் தட்டித் தூசு போக்குவாள். பிறகு நிறமும் பளபளப்பும் தருகிற கிளேசுக் கலவையில் முக்கி எடுத்துப் பலகையில் அடுக்குவாள். அது மறுபடி சூளைக்குப் போகும். தட்டிய தூசில் பாதி தரைக்குப் போனது, மீதி அவளுக்குள் போனது. சித்திரையில் ஆரம்பித்த இருமல் ஆடி முடிந்தும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே தூசுப் பக்கம் போகக் கூடாதும்மா. போனா மருந்து கேக்காது" என்றார். தூசு இல்லாத இடம் எங்கே கிடைக்கும் என்று சீட்டில் எழுதவில்லை.

சாமிதுரை கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

"தொட்டிக்குப் பூவாயிய போட்டுக்கறேன். நீ டைப்பு படிச்சவதான, கண்ணாடிக்குள்ள குந்து" என்றார். "பொங்க வரைக்கும் பாப்பம். கடை ஓடுச்சின்னா நீ பாட்டுக்குக் குந்திக்கினு இரு. ஓடலன்னா எங்கிட்ட வேற எடமில்ல ஆதி. தொட்டிக்கிதான் போவணும்."

கடை என்று அவர் சொன்னது இன்டர்நெட்டில் இருந்தது. கம்பெனியின் முந்நூற்றுப் பன்னிரண்டு சாமான்களையும் செந்தமிழன் போட்டோ பிடித்து அதில் ஏற்றியிருந்தார். மிச்ச வேலையைப் போனில் விளக்கினார்.

"அக்கா, வரவங்க எல்லாத்தையும் பொறட்டிப் பாக்க மாட்டாங்க. எடது பக்கம் கட்டம் கட்டமா இருக்கும். நெறம், அளவு, எதுக்கு வேணும்னு டிக் அடிப்பாங்க. அடிச்சா அது மட்டும் வரணும். ஒவ்வொரு சாமானுக்கும் நீங்கதான் அதைப் போட்டு வுடணும்."

"மண்ணு சலிக்கிற மாரியா தம்பி?"

"அதேதான். நம்ம சல்லடைய அவங்க கையில குடுக்கறோம்."

சல்லடை புதிதல்ல. ஏதோ ஒரு ஜவுளிக்கடைக்காகச் செய்ததைச் செந்தமிழன் சல்லிசாக வாங்கியிருந்தார். அதனால் ஊறுகாய் ஜாடி ஆணுக்கா பெண்ணுக்கா என்று அது கேட்டது. பதில் போடாமல் அடுத்த பக்கம் போக விடாது. ஆதிலட்சுமி யோசித்து, ஜாடிகளைப் பெண்களுக்கும் சாம்பல் கிண்ணங்களை ஆண்களுக்கும் ஒதுக்கினாள். பட்டா, பருத்தியா என்று கேட்டபோது பருத்தி என்று போட்டாள். பட்டு என்று போட மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

நிறத்தையும் அளவையும் மட்டும் அவள் யாரையும் கேட்கவில்லை. தொட்டியடி நோட்டு அவளிடம் இருந்தது, அவளே பதினேழு வருஷமாக எழுதியது. அதைப் பார்த்துப் பார்த்து முந்நூற்றுப் பன்னிரண்டையும் முடித்தாள். ஒரு கட்டம் விடவில்லை.

பூவாயி தினமும் கண்ணாடியைத் தட்டி விசாரித்துவிட்டுப் போவாள்.

"யக்கா, வெளிநாட்டுக்காரன் எவனாவது வந்தானா?"

"வருவாண்டி."

"வந்தா எனக்கும் ஒரு நாக்காலி போடச் சொல்லு. ஒன்ன பாத்தா பேங்குக்காரி மாரி இருக்குது."

யாரும் வரவில்லை. ஆனால் ஐப்பசி மழையில் ஊரே இருமிக்கொண்டிருந்தபோது ஆதிலட்சுமி இருமவில்லை. ராத்திரி படுத்தால் விடிந்துதான் எழுந்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்காமல் கூடவே ஏறியது. இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும், நாற்காலி போய்விடும் என்று பயம்.

கார்த்திகையில் ஒரே ஒரு ஆர்டர் வந்தது. கோயமுத்தூரில் ஒரு ஓட்டல்காரர் மேஜைக்கு மேஜை இரும்பு வளையம் அடித்து வைத்திருந்தார். அதில் உட்கார நாலு இன்ச் பூச்சாடி வேண்டும், இருநூறு. அளவில் நாலு என்று டிக் அடித்து, வந்ததை வாங்கினார். பெட்டி பிரித்து ஒவ்வொன்றாக வளையத்தில் வைத்தபோது ஒவ்வொன்றாக அடி வழியே கீழே விழுந்ததாம். எத்தனையாவது ஜாடியில் நிறுத்தினார் என்பதை அவர் சொல்லவில்லை. ஓடுகள் மட்டும் மூட்டையாகத் திரும்பி வந்தன.

மறுநாள் காலை செந்தமிழன் போன் செய்தார்.

"அக்கா, நாலு இன்ச்னு போட்டிருக்கீங்க. ஜாடி மூணரைதான் இருக்குது."

"அச்சுல நாலு தம்பி. நோட்டுல பாருங்க."

"சூளையில வெந்தா?"

"வெந்தா சுருங்கும். அது தெரிஞ்சதுதான?"

"அவருக்குத் தெரியாதேக்கா. சரி, இன்னொன்னு. நீலம்னு டிக் அடிச்சா ஒன்னுமே வரல. கடையில பாதி நீலம்தான்."

"நீலமா? நம்மகிட்ட ஏது நீலம்?"

"அந்தக் கப்பு, தட்டு, கெட்டிலு…"

"அது ரோஸு தம்பி."

"எதுக்கா ரோஸு? போட்டோவ நல்லா பாருங்க."

ஆதிலட்சுமி பார்த்தாள். திரையில் இருந்த கப்பு நீலமாகத்தான் இருந்தது. கண் தெரியாமல் இல்லை. அந்தக் கலவை தொட்டியில் இருக்கும்போது ரோஸ் நிறம், முக்கி எடுத்தாலும் ரோஸ் நிறம். சூளைக்குள் போய்த்தான் நீலமாகும். தொட்டியடியில் அதற்கு ரோஸ் என்றுதான் பேர். கருப்பு ஜாடிக்குக் காவி என்று பேர். காய்ந்து சூளைக்குப் போகிறவரைதான் சாமான் அவர்கள் கையில். அதற்கப்புறம் அது எந்த நிறமானால் என்ன. அந்தக் கம்பெனியில் அத்தனை பேரும் கடையை ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தவர்கள். ஒருவருக்கும் தப்பாகத் தெரியவில்லை.

ஆக, மூன்று மாதமாக நீலம் தேடி வந்தவர்களிடம் சரக்கு இல்லை என்று கை விரித்திருக்கிறது கடை. ரோஸ் தேடி வந்தவர்களுக்கு நீலத்தைக் காட்டியிருக்கிறது.

"மாத்திடறேன் தம்பி" என்றாள்.

மார்கழி முழுக்க மாற்றினாள். கிடங்குக்குப் போய், வெந்த சாமானை ஒவ்வொன்றாகத் தூக்கி ஸ்கேல் வைத்து அளந்தாள். கிடங்கிலும் தூசுதான், முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டாள். ரோஸை நீலமாக்கினாள், காவியைக் கருப்பாக்கினாள். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்க மறந்த நாளும் உண்டு. போகியன்று சாயங்காலம் கடைசிச் சாமானையும் முடித்துவிட்டு நீலத்தில் டிக் அடித்தாள். நூற்று நாற்பத்தெட்டு வந்து நின்றன. அத்தனையும் அவள் கையால் முக்கியவை. அந்த நிறத்தில் அவற்றை மொத்தமாக அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

குறையில்லாத அந்தக் கடை மூன்று நாள் நடந்தது. மூன்று நாளும் பொங்கல் லீவு.

நான்காம் நாள் சாமிதுரை கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, உட்காராமல் நின்றார்.

"மாப்ள அடுத்த வருஷத்துக்குக் கடைக்குப் பணம் கட்ட வேணாம்னுட்டாரு ஆதி. கடைய மூடியாச்சு."

"இப்பதாங்க மொதலாளி சரியா வருது. நீலம் அடிச்சிப் பாருங்க."

"நீ சரியாத்தான் பண்ணியிருக்க. நான் இல்லன்னு சொல்லல." கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பொங்க வரைக்கும்னு சொன்னேன். பொங்க போயிடுச்சே."

அவர் சொன்ன சொல் தவறாதவர். அது எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கம்ப்யூட்டரைத் தூசு புகாமல் போர்வையில் சுற்றி சாமிதுரை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். கண்ணாடியைக் கழற்றி ஷோரூமில் பொம்மைகளுக்குப் போட்டார்கள். நாற்காலி வாட்ச்மேனுக்குப் போயிற்று.

"வந்துட்டியா யக்கா" என்று பூவாயி பிரஷ்ஷை நீட்டினாள். "எனக்கே ரெண்டு நாளா தொண்டை கமறுது. இந்தா, ரோஸுக்கு நூறு கப்பு கெடக்குது."

ஆதிலட்சுமி முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு முதல் கப்பைத் தட்டினாள்.

மாசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வேறொரு டாக்டர் இருந்தார். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தூசுல வேலை செய்யறீங்களாம்மா?"

"இல்லீங்க."

"என்ன வேலை?"

"கம்ப்யூட்டர்ல."

டாக்டர் புதிய படத்தை இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தார். பிறகு சீட்டில் அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.